பத்தாயிரம் ஃபாலோயர் வந்தாங்க, கருப்பட்டி வீட்டிலேயே கிடந்தது

உடன்குடிப் பக்கம் கருப்பட்டி வியாபாரம் எங்களுக்கு. மாமா பனையேறி. அத்தை விடிலியில் (பதநீர் காய்ச்சுற ஓலைக் குடிசை) பதநீர் காய்ச்சி சிரட்டையில் ஊற்றி எடுப்பாங்க. அதை வெளியூருக்கு விற்றுத் தருவது என் பொறுப்பு. போன சீசனில் ஒரு டிஜிட்டல் மார்க்கெட்டிங் ஏஜென்சியிடம் 50,000 ரூபாய் கொடுத்து ஏமாந்தோம். இந்த வருஷமும் பங்குனி நெருங்க நெருங்க, எங்க பக்கத்துச் சின்ன வியாபாரிகளுக்கு அதே மாதிரி மெசேஜ் வர ஆரம்பிச்சிருக்கு. அதனால் எழுதுகிறேன். ஏஜென்சி பேரைப் போடவில்லை. பேரை மாற்றிக்கொண்டு வர அவங்களுக்கு அரை நாள் போதும். எப்படி ஏமாற்றுறாங்கன்னு தெரிந்தால்தான் உதவும்.

அதுவரைக்கும் இன்ஸ்டாகிராமை நானேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். 1,140 பேர் இருந்தாங்க. வாரம் இருபது கிலோ வரை போகும். என் வீடியோ எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். ஒரு கருப்பட்டியைத் திண்ணையில் வைத்துத் தட்டி உடைத்து, உள்பக்கத்தை வெயிலில் காட்டுவேன். சீனி கலந்தது சில்லு சில்லாக மினுங்கும், பதநீரை மட்டும் காய்ச்சியது மங்கலாகக் கிடக்கும். கமெண்டில் "எங்க வீட்டுல இருக்கிறது மினுங்குதே" என்று யாராவது கேட்பாங்க, பத்துப் பேர் பதில் சொல்ல வருவாங்க, அதில் இரண்டு பேர் வாட்ஸ்அப்புக்கு வந்து விலை கேட்பாங்க. வியாபாரம் அப்படித்தான் நடந்தது. ஆனால் அப்போது அது எனக்கு வியாபாரமாகவே தெரியவில்லை, விளையாட்டாகத் தெரிந்தது. அங்கேதான் விழுந்தேன்.

ஏஜென்சிப் பையன் நல்லாப் பேசினான். "மேடம், உங்க கன்டென்ட்ல பிராண்டிங்கே இல்ல. மூணு மாசத்துல பத்தாயிரம் ஃபாலோயர் கியாரண்டி" என்றான். அவங்க கூலி 30,000, விளம்பரத்துக்கு 20,000. பில் எதுவும் தரவில்லை, ஒரு தனிப்பட்ட நம்பருக்கு ஜிபே பண்ணச் சொன்னான். பண்ணினேன். பாஸ்வேர்டு கேட்டான். கொடுத்தேன். கடைச்சாவியை இப்படிக் கொடுப்பேனா? மாட்டேன்.

முதல் வாரமே போஸ்டராக வந்து குவிந்தது. தொழிலாளர் தினம், அன்னையர் தினம், ஞாயிற்றுக்கிழமை வாழ்த்து. நடுவில் எங்க சரக்குக்கும் ஒன்று. மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனைக் கிட்டே வைத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏம்மா, இது மண்டவெல்லம்லா?" ஆமாம். நெட்டில் கிடந்த கரும்பு வெல்லப் படத்தை எடுத்து, மேலே எங்க பேரைப் போட்டிருந்தான். அன்றைக்கே நிறுத்தியிருக்கணும். படத்தை மட்டும் மாற்றச் சொன்னேன்.

மூன்றே வாரத்தில் ஃபாலோயர் 11,000 தாண்டியது. வீட்டில் எல்லாருக்கும் பெருமை. ஆனால் போன் அடிக்கவே இல்லை. முன்னாடி வாரம் இருபது கிலோ போன இடத்தில் ஏழு கிலோ போனது. ஒரு ராத்திரி இன்சைட்ஸ் பக்கத்தைத் திறந்து, நம்மளைப் பின்தொடர்கிறவங்க எந்த ஊர் என்று பார்த்தேன். டாக்கா, ஜகார்த்தா, சாவோ பாவ்லோ. சென்னை நாலாவது இடத்தில் இருந்தது. (இந்தோனேசியாக்காரங்களுக்கு அவங்க ஊரிலேயே பனைவெல்லம் உண்டு, உடன்குடியிலிருந்து எதுக்கு வாங்கணும்?) காசுக்கு வாங்கின ஆள்கள் என்று அப்போதுதான் உறைத்தது. இதில் இன்னொரு கெடுதலும் இருக்கு. போலி ஆள்கள் வீடியோவைப் பார்க்க மாட்டாங்க. பின்தொடர்கிறவங்களே கண்டுக்காத பதிவை இன்ஸ்டாகிராமும் மற்றவங்களுக்கு அவ்வளவாகக் காட்டாது. பழைய 1,140 பேருக்குக்கூட என் கருப்பட்டி தெரியாமல் போனது.

விளம்பரம் என்னாச்சு என்று கேட்டால் "ஓடிட்டிருக்கு மேடம்" என்பான். ஃபேஸ்புக்கையும் இன்ஸ்டாகிராமையும் நடத்துகிற மெட்டா கம்பெனியில் ஆட் லைப்ரரி என்று ஒன்று இருக்கு. கணக்குகூடத் தேவையில்லை, யார் வேண்டுமானாலும் ஒரு பக்கத்தின் பேரைப் போட்டு, அதில் இப்போது என்ன விளம்பரம் ஓடுகிறது என்று பார்க்கலாம். எங்க பேரைப் போட்டுத் தேடினேன். ஒன்றுமே இல்லை. அடுத்த நாளும் பார்த்தேன், அதற்கடுத்த நாளும் பார்த்தேன். அவன் மட்டும் ஓடுது ஓடுது என்றே சொல்லிக்கொண்டிருந்தான்.

ஃபேஸ்புக்கில் அவங்க "புதுசா வளர்த்துக் கொடுத்த" பக்கத்துக்கு 8,000 லைக் இருந்தது. அதில் பேஜ் டிரான்ஸ்பரன்சி என்ற இடத்தை அமுக்கினால், அந்தப் பக்கம் எப்போது தொடங்கியது, முன்னாடி என்ன பேரில் இருந்தது எல்லாம் வரும். எங்க கருப்பட்டிப் பக்கம் அதுக்கு முன்னாடி ஒரு ஜோக்ஸ் பக்கம். அதுக்கும் முன்னாடி ஏதோ வேலைவாய்ப்புச் செய்திப் பக்கம். இதைப் பார்த்ததும் கோபத்தைவிடச் சிரிப்புதான் வந்தது.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். மேடமாக இருந்த நான் அக்கா ஆனேன். "அக்கா, கொஞ்சம் டைம் குடுங்க." இரண்டு நாளில் என் நம்பரை பிளாக் பண்ணிவிட்டான். இன்ஸ்டாகிராமைத் திறந்தால் பாஸ்வேர்டு தப்பு என்று வந்தது. மெயிலையும் போன் நம்பரையும் மாற்றிவிட்டிருந்தாங்க. மெயிலை யாராவது மாற்றினால், பழைய மெயிலுக்கு இன்ஸ்டாகிராமிடமிருந்து ஒரு தகவல் வரும், "இது நான் செய்யவில்லை" என்று அதிலேயே திருப்பிவிடலாம். அந்த மெயில் வந்து ஒன்பது நாள் கழித்துத்தான் பார்த்தேன். எங்க வீட்டுக்காரருடைய பழைய போனில் இருந்த மெயில் ஐடி அது. தினம் மெயில் பார்க்கிற பழக்கம் எங்க வீட்டில் யாருக்கு இருக்கு?

சைபர் கிரைம் போர்ட்டலில் புகார் போட்டு, அந்த நகலைத் தெரிந்தவர் ஒருவர் மூலமாக அவனுக்கு அனுப்பினோம். மறுநாள் இன்ஸ்டாகிராம் கணக்கு மட்டும் திரும்பி வந்தது. பணம் இன்று வரை வரவில்லை. ஃபேஸ்புக் பக்கம் போனது போனதுதான்.

பணத்தைவிட வலித்தது சீசன். பங்குனியிலிருந்து ஆடிக்குள் காய்ச்சினதை விற்று முடிக்கிறவங்க நாங்க. அந்த வருஷம் முக்கால்வாசிச் சரக்கு வீட்டிலேயே நின்றுவிட்டது. ஐப்பசி மழை பிடித்ததும் பெட்டியில் இருந்த கருப்பட்டி கசிய ஆரம்பித்தது. அத்தை ஒவ்வொன்றாக எடுத்துத் துணியால் துடைத்து அடுப்புக்கு மேலே பரணில் அடுக்கினாங்க. என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. கடைசியில் மொத்த வியாபாரி கேட்ட விலைக்குத் தள்ளிவிட்டோம்.

இப்போது யாரையும் வைத்துக்கொள்ளவில்லை. போலி ஆள்களை ஒவ்வொருவராக நீக்க விரல்தான் தேய்ந்தது, அந்தக் கணக்கை விட்டுவிட்டுப் புதுசு தொடங்கினேன். 600 பேர்தான் இருக்காங்க. இரட்டைப் பாதுகாப்பு போட்டிருக்கேன், பாஸ்வேர்டோடு ஒரு ரகசிய நம்பரும் கேட்கும், அந்த நம்பர் என் கையில் இருக்கிற போனுக்குத்தான் வரும். வாட்ஸ்அப் பிசினஸில் கேட்டலாக் போட்டு விலையை எழுதிவைத்துவிட்டேன், அதுக்குக் காசு இல்லை. பழைய வாடிக்கையாளர்களுக்குப் பிராட்காஸ்ட் அனுப்புவேன், ஒரே மெசேஜ் எல்லாருக்கும் தனித்தனியாகப் போகும். நம்ம நம்பரை அவங்க போனில் சேமித்திருந்தால்தான் அது போய்ச் சேரும், அதனால் பார்சலுக்குள் ஒரு துண்டுச் சீட்டில் நம்பரை எழுதி "சேவ் பண்ணிக்கோங்க" என்று வைக்கிறேன். விளம்பரம் போடணும் என்றால் என் கார்டிலிருந்து, என் கணக்கில், சென்னைக்கும் கோவைக்கும் மட்டும் நாளைக்கு 200 ரூபாய். ஜிஎஸ்டி 18 சதவீதம் மேலே வரும், அதையும் சேர்த்துத்தான் கணக்குப் போடணும்.

யாராவது ஏஜென்சியிடம் கொடுத்தே ஆகணும் என்றால், பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டியதே இல்லை. மெட்டா பிசினஸ் சூட்டில் அவங்களுக்கு வேலை பார்க்கிற அனுமதி மட்டும் கொடுக்கலாம், வேண்டாம் என்றால் அடுத்த நிமிஷம் எடுத்துவிடலாம். இதைச் சொன்னதும் "அப்படியெல்லாம் வேலை பார்க்க முடியாது மேடம்" என்று ஒருத்தன் போன வாரம் போனை வைத்துவிட்டான்.

மாமா இன்றைக்குக் காலையில் பாளை சீவிவிட்டு வந்து கேட்டார், "உடைக்கிற வீடியோ எடுக்கணும்னியே, எது வேணும், புதுசா பழசா?"