பழைய பெர்னார்டெல்லி ரோமா 6: பூவேலையில் மயங்காமல் குழலைக் கழற்றிப் பாருங்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பார்த்த இந்தப் பழைய துப்பாக்கியை வாங்கலாம், ஆனால் விற்பவர் சொன்ன விலைக்கு அல்ல.

பன்னிரண்டு போர் (குழல் அளவு), பக்கம் பக்கமாகக் குழல் வைத்த இரட்டைக்குழல், இரண்டு விசை, வளைவில்லாத நேர்ப்பிடி. இத்தாலியில் பிரெசியாவுக்கு வடக்கே வால் த்ரோம்பியா பள்ளத்தாக்கில் இருக்கும் கார்தோனேயில் செய்தது. 1526-லேயே வெனிஸ் ஆயுதக் கிடங்குக்கு 185 துப்பாக்கிக் குழல்கள் விற்றதற்கு, துப்பாக்கி செய்யும் பெரெட்டா குடும்பத்திடம் ரசீது இருக்கிறதே, அதே ஊர்தான். அதனால் "இத்தாலி சரக்கு" என்றதும் ஆளுக்கு ஆள் விலையை ஏற்றிவிடுகிறார்கள். ஊர்ப் பெயரை நம்பிக் காசு கொடுக்க முடியாது. தானம் வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது, இது காசுக்கு வாங்குகிற மாடு.

ரோமா 6-ஐப் பார்த்தவுடன் கண் போவது பக்கத்தகட்டில் இருக்கும் செதுக்குவேலைக்குத்தான். சுடும் பொறி பக்கத்தகட்டிலேயே பொருத்தியிருக்கும் சைடுலாக் என்று நினைத்து அதற்கான விலையைக் கொடுப்பவர்கள் உண்டு, சில சமயம் விற்பவரே அப்படித்தான் நினைத்துக்கொண்டிருப்பார். அந்தத் தகட்டின் பின்னால் ஒன்றும் இல்லை. வேலை செய்வது சட்டத்துக்குள்ளேயே பொறி இருக்கும் ஆன்சன் பாக்ஸ்லாக், 1875-ல் பர்மிங்காமில் காப்புரிமை பெற்ற அமைப்பு. அது குறையும் இல்லை. உதிரி கம்மி, உழைப்பு அதிகம். ஆனால் விலை பேசும்போது பாக்ஸ்லாக் விலைதான் பேச வேண்டும்.

சரி, துப்பாக்கி காலியா என்று திறந்து பார்த்துவிட்டு, முன்கட்டையைக் கழற்றி, குழலைத் தனியே எடுத்துத் திருப்பிப் பிடியுங்கள். தோட்டா அறைக்கு அடியில் இருக்கும் தட்டையான பரப்பில்தான் முழு ஜாதகமும் இருக்கிறது. புகையில்லா வெடிமருந்தில் சோதித்ததற்கு பி.எஸ்.எஃப். என்ற முத்திரை, அறை நீளம் 70 மில்லிமீட்டர், குழலின் உள்விட்டம் 18.4, அப்புறம் சோக்குக்கு, அதாவது குழல் வாயின் குறுகலுக்கு, நட்சத்திரங்கள். நட்சத்திரம் கூடக் கூட இறுக்கம் குறையும்: ஒன்று என்றால் முழு சோக், மூன்று என்றால் பாதி. இதில் வலது மூன்று, இடது ஒன்று.

வருஷமும் அங்கேயே இருக்கும். 1954-க்கு ரோமன் எண்ணில் பத்து, 1964-க்கு இருபது, 1974-க்கு முப்பது, 1975-லிருந்து இரட்டை எழுத்துகள். விற்பவர் எண்பதுகளில் செய்தது என்று அடித்துச் சொன்னார். முத்திரை இருபத்தெட்டு, அதாவது 1972. பொய் சொன்னார் என்று சொல்ல மாட்டேன், அவர் திருப்பியே பார்த்திருக்க மாட்டார்.

வலது குழலை அளந்தால் முத்திரையில் உள்ளபடியே 18.4. இடது குழல் 18.55. எங்கோ துரு பிடித்துக் குழி விழுந்து, அதை யாரோ உள்ளே தேய்த்து மெருகேற்றியிருக்கிறார்கள். கண்ணுக்குக் கண்ணாடி மாதிரி மின்னும், "குழல் புதுசு மாதிரி இருக்கு பாருங்க" என்று சொல்ல வசதியாக இருக்கும். இந்த இடத்தில் உள்விட்டத்தை மட்டும் அளந்துவிட்டு நிற்கக் கூடாது, சுவர்க் கனத்தையும் அளக்க வேண்டும், ஏனென்றால் தேய்த்த இரும்பு திரும்ப வராது. மிக மெல்லிய இடத்தில் 0.75 மில்லிமீட்டர் இருந்தது, அதனால்தான் பேச்சைத் தொடர்ந்தேன். 0.6-க்குக் கீழே என்றால் நான் தொடவே மாட்டேன்.

குழலைக் கொக்கியில் தொங்கவிட்டு மரப்பிடியால் லேசாகத் தட்டினால் மணி மாதிரி நீண்டு ஒலித்தது, இரு குழலையும் இணைக்கும் ரிப் பட்டை எங்கும் விட்டுப்போகவில்லை. மறுபடி பூட்டி, முன்கட்டை இல்லாமல் பிடித்து ஆட்டிப் பார்த்தேன், ஆட்டமே இல்லை. துப்பாக்கியைத் திறக்கும் மேல்நெம்புகோலும் நடுவுக்குச் சற்று வலப்பக்கத்தில்தான் நிற்கிறது. தேய்ந்த துப்பாக்கியில் அது இடப்பக்கம் போய்விடும். ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆனதற்கு இது அருமையான இறுக்கம், விலைக்கு நியாயம் சொல்ல வேண்டுமானால் இதைத்தான் சொல்ல வேண்டும். வரிசை எண்ணும் குழல், சட்டம், முன்கட்டை மூன்றிலும் ஒன்றே.

டம்மி தோட்டா போட்டு இரண்டு விசையும் இழுத்துத் திறந்தபோது வலது எறிந்தது, இடது சோம்பேறித்தனமாக வெளியே வந்து நின்றது. சுட்ட தோட்டாவை வெளியே எறியும் எஜெக்டரின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. சின்ன வேலைதான், ஆனால் பழைய பெர்னார்டெல்லி கம்பெனி தொண்ணூறுகளின் கடைசியில் மூழ்கிவிட்டது, உதிரி ஆர்டர் போட்டு வரவழைக்கிற கதையெல்லாம் இல்லை, கைவேலை தெரிந்த ஆள் செய்து கொடுக்க வேண்டும். கூலியை இப்போதே விலையில் கழித்துவிடுங்கள்.

கட்டையில் பக்கத்தகடு முடியும் இடத்தை லென்ஸ் வைத்துப் பாருங்கள், தகட்டுக்காகக் குடைந்ததால் மரம் அங்கேதான் மெலிந்திருக்கும். இதில் விரிசல் இல்லை, எண்ணெய் ஊறிக் கறுத்திருக்கிறது, அவ்வளவுதான். திருகுத் தலைகள் மட்டும் இரண்டு சிதைந்திருக்கின்றன, பொருந்தாத ஸ்க்ரூ டிரைவரால் யாரோ நோண்டிய அடையாளம்.

இன்னொன்று, இதில் எஃகு ரவை போடவே கூடாது. அதற்குச் சோதித்த துப்பாக்கியில் அல்லிப்பூ முத்திரை இருக்கும், இதில் இல்லை, போதாக்குறைக்கு இடது குழல் முழு சோக். ஈயத்துக்குத் தடை உள்ள இடத்தில் சுடுபவர் என்றால் பிஸ்மத் தோட்டாதான் வழி, அது விலை அதிகம். நிறையச் சுடுகிறவருக்கு அந்தச் செலவு துப்பாக்கி விலையையே தாண்டிவிடும், அவர்கள் இதை விட்டுவிட்டு முத்திரை உள்ள புதிய மாடலைப் பார்ப்பது மேல்.

நான் இடது குழலுக்கும் எஜெக்டருக்கும் சேர்த்துக் குறைத்து ஒரு விலை சொல்லியிருக்கிறேன். அவர் இன்னும் பூவேலையைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறார்.