ராமநாதபுரம் கரையில் 8×42 பைனாகுலர்: சில ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

கரைப்பறவை பார்க்க என்ன பைனாகுலர் வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு என் பதில், 8×42. அதாவது 8 மடங்கு பெரிதாக்கும், முன் லென்ஸின் விட்டம் 42 மி.மீ. பல வலசைப் பருவங்களாக இதுதான் என் கழுத்தில் தொங்குகிறது. 10 மடங்கு காட்டுவது இன்னும் நல்லதுதானே என்று தோன்றும். தனுஷ்கோடிக் காற்றில் அதைப் பிடித்துப் பாருங்கள், பறவையோடு கைநடுக்கமும் பெரிதாகும். கூட்டமாக எழும்பித் திரும்பும் உள்ளான்கள் என்ற சிறு கரைப்பறவைகளை விடாமல் தொடரவும் 8-இன் அகலமான பார்வைதான் வசதி.

இதன் அருமை மாசிக் கடைசியிலும் பங்குனியிலும்தான் தெரியும். குளிர்காலம் முழுக்கச் சாம்பலும் வெள்ளையுமாக நின்ற பறவைகள் வடக்கே கிளம்பும் முன் நிறம் மாறுகின்றன. வளைமூக்கு உள்ளானின் வயிறு, மார்பு, கழுத்து என்று திட்டுத் திட்டாகச் செங்கல் நிறம் ஏறிப் பரவும். சைபீரியத் தூந்திரத்தில் முட்டையிடப் போகிற பறவை, கல்யாணக் கோலத்தை நம் சேற்றிலேயே பூணத் தொடங்குகிறது! நிறம் மாறாத இளம் பறவைகளும் அதே கூட்டத்தில் நிற்கும். அவற்றில் பல கோடையிலும் இங்கேயே தங்கிவிடும். இந்த வித்தியாசங்களைப் பிரித்துக் காட்ட, உருப்பெருக்கத்தைவிட லென்ஸின் தெளிவுதான் முக்கியம். மலிவான பைனாகுலர்களில் வெள்ளை இறகைச் சுற்றி ஊதா விளிம்பு படரும், செம்மை மங்கிவிடும்.

ராமநாதபுரம் மாவட்டத்துக் காரங்காட்டுக் கரை கிழக்குப் பார்த்தது. காலையில் எதிர்வெயிலில் எல்லாமே கருப்பு உருவங்கள்தான், மாலையே சரி. உச்சிவெயிலில் கானல் ஆடத் தொடங்கினால் எந்த பைனாகுலரும் உதவாது. தொலைவில் நிற்பது கருவால் மூக்கனா பட்டைவால் மூக்கனா என்ற சந்தேகத்தைத் தீர்க்கவும் 8×42 போதாது. கருவால் மூக்கன் பறந்தால் இறக்கையில் வெள்ளைப் பட்டை தெரியும், அதுவரை காத்திருக்க வேண்டும்.

காத்திருங்கள், கிளப்பிவிடாதீர்கள். நெடும்பயணத்துக்கு அவை உடம்பில் கொழுப்பு சேர்க்கும் நேரம் இது. படத்துக்காக ஒவ்வொரு முறை விரட்டும்போதும் இரை தேடும் நேரமும் சேர்த்த சக்தியும் வீணாகின்றன. சேற்றுக்குள் பைக் ஓட்டிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்தால் மனசு கொதிக்கிறது.

பராமரிப்பு என்றால் உப்புதான் எதிரி. லென்ஸை உலர்ந்த துணியால் துடைத்தால் மணல் கீறிவிடும். என்னுடையது நீர் புகாதது என்பதால் முதலில் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவி, பிறகே மென்துணியால் ஒற்றுகிறேன். கண் வைக்கும் ரப்பர் வளையம் ஒன்று பிய்ந்துவிட்டது. வாங்கிய கடையில் மாற்றித்தர மாதக்கணக்கில் இழுத்தார்கள். உதிரிபாகம் கிடைக்குமா என்று வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.