ழோரெஸ் கடைசியாகச் சாப்பிட்ட மேசை: பாரிசின் குரோசான் முனை உணவகம்

பாரிசின் இரண்டாம் வட்டாரத்தில், மோன்மார்த்ர் தெருவும் குரோசான் தெருவும் சந்திக்கும் முனையில், 146ஆம் எண்ணில் இருக்கிறது இந்த உணவகம். குரோசான் என்றால் பிறை. ரொட்டிக்கும் தெருவுக்கும் அதே பெயர்தான். தோற்றத்தில் இது பாரிசில் எங்கும் காணக்கூடிய பிஸ்ட்ரோ எனும் சிறு உணவகம். ஆனால் ஒரு காபியைச் சொல்லிவிட்டு, குனிந்து தரையைப் பார்த்தால், 1914 ஜூலை 31 என்ற தேதி மொசைக்கில் பதிக்கப்பட்டிருக்கும். சோஷலிஸ்ட் தலைவர் ழான் ழோரெஸ் சுட்டுக் கொல்லப்பட்ட நாள் அது.

அன்றிரவு அவர், மோன்மார்த்ர் தெருவிலேயே 142ஆம் எண்ணில் இருந்த தமது ‘லுமானித்தே’ நாளிதழ் அலுவலகத்திலிருந்து சகாக்களுடன் உணவுக்கு வந்து, திறந்திருந்த சன்னலுக்கு முதுகைக் காட்டியபடி அமர்ந்திருந்தார். ஸ்ட்ராபெர்ரி டார்ட் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, வேறு மேசையிலிருந்து வந்த பத்திரிகையாளர் ஒருவர் தம் சின்ன மகளின் புகைப்படத்தைக் காட்டினார். அதைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், ஏறத்தாழ 9.40 மணிக்கு, தெருவில் நின்ற ரவுல் வில்லேன் என்ற தேசியவாத இளைஞன் சன்னல் வழியாகச் சுட்டான். மறுநாளே பிரான்சில் படைதிரட்டல் ஆணை வந்தது. முதல் உலகப் போரைத் தடுக்க ழோரெஸ் எடுத்த முயற்சிகள் அத்துடன் நின்றன.

வெளிச்சுவரில் உள்ள பலகையும் அவர் இங்கே கொல்லப்பட்டார் என்பதை மட்டுமே சொல்கிறது. இறந்த விதத்தைப் போலவே வாழ்ந்த விதமும் நினைவில் இருக்க வேண்டியவர் என்பதால், இதை ஒரு குறையாகவே கருதுகிறேன். காஸ்த்ர் ஊரில் 1859இல் பிறந்த ழோரெஸ், 1881இல் அல்பி நகரப் பள்ளியில் தத்துவ ஆசிரியராகப் பணியைத் தொடங்கி, பின்னர் துலூஸில் விரிவுரையாளரானார்; 1885இல், 26 வயதில், நாடாளுமன்றம் சென்றார். 1888இல் ஆசிரியர்களுக்கு எழுதிய புகழ்பெற்ற திறந்த மடலில், குழந்தைகளின் அறிவும் ஆன்மாவும் உங்கள் கைகளில் இருக்கின்றன என்று நினைவூட்டினார். 1889 தேர்தலில் தோற்றதும் மறுபடி வகுப்பறைக்கே திரும்பினார். தெற்குப் பிரான்சின் கார்மோ ஊரில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி ஒருவர் நகரத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டதும் நிறுவனம் அவரை வேலையிலிருந்து நீக்க, அதை எதிர்த்து 1892இல் வெடித்த வேலைநிறுத்தமே ழோரெஸை முழுமையான சோஷலிஸ்டாக்கியது. 1893இல் கார்மோ தொகுதியே அவரை மறுபடி நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. ‘லுமானித்தே’ 1904இல் தொடங்கியது.

வில்லேன் 1919இல் குற்றவாளி அல்ல என்று நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டான். வழக்குச் செலவோ ழோரெஸின் மனைவியின் தலையில் விழுந்தது. இதை அறிந்துகொண்டு போனால் அந்த மொசைக்கை மிதிக்கக் கால் கூசும்.

கிராண்ட் பூல்வார் மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் சில நிமிட நடைதான். கோடையில் சென்றால், பட்டியலில் ஸ்ட்ராபெர்ரி டார்ட் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.