மங்கிய வெளிச்சத்தில் மேக்ரோ: ஐஎஸ்ஓவா, டிரைபாடா, ஃபிளாஷா?

மேக்ரோ, அதாவது சின்னப் பொருள்களின் மிக நெருக்கமான படங்கள், எடுக்கத் தொடங்கிய முதல் வருடம் முழுக்க ஐஎஸ்ஓவை (படத்தைப் பிரகாசமாக்கும் கேமரா அமைப்பை) ஏற்றியே ஓட்டினேன். அப்புறம் டிரைபாட் வந்தது. இப்போது வெளிச்சம் குறைந்த இடத்தில் நெருக்கப் படம் எடுக்கக் கிளம்பினால், பையில் முதலில் போவது ஃபிளாஷும் அதன் ஒளியை மென்மையாக்கும் டிஃப்யூசரும்தான். மூன்றோடும் மல்லுக்கட்டிய பிறகு எடுத்த முடிவு என்பதால், ஃபிளாஷ் பக்கம் சாய்ந்துதான் எழுதப் போகிறேன்.

நான்காவதாக ஒரு வழி உண்டு, லென்ஸில் ஒளி நுழையும் துளையான அபெர்ச்சரை அகலத் திறந்துவிடுவது. எஃப் எண் சிறிதானால் துளை பெரிது. அதை முதலிலேயே தள்ளிவிடலாம். முழு ஃபிரேம் கேமராவில் 1:1 நெருக்கத்தில் (பொருள் சென்சாரில் தன் உண்மை அளவிலேயே விழும் நெருக்கம்) எஃப்/2.8 வைத்தால், கூர்மையாகத் தெரியும் ஆழம் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குதான். எறும்பின் கண் துல்லியமாக விழும், தாடையும் உணர்கொம்பும் புகையாகிவிடும். எஃப்/8ல் சுமார் 1 மி.மீ. கிடைக்கும், எஃப்/11ல் 1.3 மி.மீ. எஃப்/16க்குப் போனால் ஏறத்தாழ 2 மி.மீ. வரும், ஆனால் டிஃப்ராக்‌ஷனால் (சிறு துளையில் ஒளி விலகிப் பரவுவதால்) படம் முழுக்கவே லேசாக மழுங்கத் தொடங்கும். அதனால் எஃப்/8க்கும் எஃப்/11க்கும் நடுவில் நான் நின்றுவிட்டேன். பூவிதழை வண்ணக் கலவையாக மட்டும் காட்ட நினைப்பவர்களுக்கு எஃப்/2.8 அழகுதான், அது வேறு வகைப் படம்.

இதோடு கண்ணுக்குத் தெரியாத ஓர் இழப்பும் சேர்ந்துகொள்கிறது. 1:1 வரை நெருங்கும்போது லென்ஸ் கிட்டத்தட்ட இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தை விழுங்கிவிடும் (ஒரு ஸ்டாப் என்றால் இரு மடங்காவது அல்லது பாதியாவது). எஃப்/11 என்று வைத்தாலும் சென்சாருக்கு வந்து சேர்வது எஃப்/22 அளவு வெளிச்சம். நிக்கான் கேமராவில் அதன் மேக்ரோ லென்ஸை மாட்டினால், நெருங்க நெருங்க எஃப் எண் தானாக ஏறுவதைத் திரையிலேயே பார்க்கலாம். கேனானில் நாம் வைத்த எண் அப்படியே நிற்கும், இழப்பு மட்டும் நடக்கும்.

கணக்காகப் பார்ப்போம். மரநிழலில், மேகமூட்டமான மாலையில், எஃப்/11, ஐஎஸ்ஓ 100 என்றால் 1:1ல் ஷட்டர் சுமார் ஒரு விநாடி கேட்கும். அந்த ஒரு விநாடியை மூன்று வழிகளும் மூன்று விதமாகச் சமாளிக்கின்றன.

ஐஎஸ்ஓ வழி சுலபமானது, கூடுதலாக எதையும் சுமக்க வேண்டாம். ஒரு விநாடியை 1/250க்குக் கொண்டுவர எட்டு ஸ்டாப் ஏற வேண்டும், அதாவது ஐஎஸ்ஓ 25,600. படத்தில் மணல்போலத் தெரியும் நாய்ஸுக்குக் காரணம் அந்த எண் இல்லை, சென்சாருக்குப் போதிய ஒளி வராததுதான். அதனால் ஐஎஸ்ஓவைக் குறைவாக வைத்து எடுத்துவிட்டுக் கணினியில் வெளிச்சம் ஏற்றிக்கொள்ளலாம் என்பது பெரும்பாலும் பலன் தராது, பல கேமராக்களில் நிழல் பகுதிகள் இன்னும் மோசமாகும். நாய்ஸைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். புதிய சென்சார்களும் நாய்ஸ் நீக்கும் மென்பொருள்களும் வெகுதூரம் வந்துவிட்டன; நான் இதைப் பழகியது சென்சார் சிறிதான பழைய ஏபிஎஸ்-சி கேமராவில், எனவே நாய்ஸ் பற்றிய என் தீர்ப்பைக் கொஞ்சம் தள்ளுபடி செய்தே எடுத்துக்கொள்ளுங்கள். ஐஎஸ்ஓவைக் கைவிட்டதற்குக் காரணம் வேறு: அசைவு.

நெருக்கத்தில் பொருள் மட்டும் பெரிதாவதில்லை, அதன் அசைவும் அதே அளவுக்குப் பெரிதாகிறது. 24 மெகாபிக்சல் முழு ஃபிரேம் சென்சாரில் 36 மி.மீ. அகலத்துக்கு 6000 பிக்சல். 1:1ல் இலை 1 மி.மீ. நகர்ந்தால் படத்தில் 165 பிக்சலுக்கு மேல் நகர்ந்திருக்கும். காற்றே இல்லை என்று நமக்குத் தோன்றும் நேரத்திலும் இலை நுனி விநாடிக்கு ஒரு சென்டிமீட்டர் ஊசலாடுவது சாதாரணம். அப்படி ஆடும் இலையை 1/250ல் எடுத்தால் ஏறத்தாழ ஏழு பிக்சல் இழுபடும். ஐஎஸ்ஓ 25,600 வரை ஏறி, நாய்ஸையும் வாங்கிக்கொண்டு, கடைசியில் கையில் இருப்பது ஏழு பிக்சல் மங்கல். முதல் வருடப் படங்களில் முக்கால்வாசி இப்படிப் போனவைதான். அப்போது ஃபோகஸ் தவறிவிட்டது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஸ்டெபிலைசர் காப்பாற்றாதா என்று கேட்கலாம். வழக்கமான ஸ்டெபிலைசர் முக்கியமாகக் கேமரா சாய்வதைத் திருத்தும். நெருக்கத்தில் கேமரா மேலும் கீழும் பக்கவாட்டிலும் நகர்வதுதான் பெரிய தொல்லை. அதையும் சேர்த்துத் திருத்தும் ஏற்பாடு கேனானின் 100 மி.மீ. எல் மேக்ரோ லென்ஸில் 2009ல் வந்தது. ஆனால் எந்த ஸ்டெபிலைசரும் நம் கையைத்தான் பிடிக்கும், இலையைப் பிடிக்காது.

டிரைபாடுக்கும் இதே சிக்கல்தான், இன்னும் கூடுதலாக. ஒரு விநாடி திறந்திருக்கும் ஷட்டருக்கு முன்னால் பொருளும் ஒரு விநாடி அசையாமல் இருக்க வேண்டும். காளான், பாசி, நாணயம், மூடிய அறையில் வைத்த பூ என்றால் டிரைபாடை எதுவும் மிஞ்சாது. ஐஎஸ்ஓ 100ல், இருக்கும் வெளிச்சத்தின் நிறத்தோடு படம் சுத்தமாக வரும். லைவ் வியூவில் (கேமராத் திரையில் நேரடியாகப் பார்த்து) பத்து மடங்கு பெரிதாக்கிக் கையால் ஃபோகஸ் வைத்து, இரண்டு விநாடி டைமரைப் போட்டுவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். கண்ணாடி உள்ள டிஎஸ்எல்ஆர் என்றால் மிரர் லாக்கும் (கண்ணாடியை முன்கூட்டியே தூக்கி நிறுத்துவது) போடவும், ஷட்டர் 1/15 விநாடிக்கு அக்கம்பக்கத்தில் இருந்தால் கண்ணாடியின் அடி நன்றாகவே தெரியும். பூச்சி என்று வந்துவிட்டால், டிரைபாடின் காலை விரித்து முடிப்பதற்குள் அது அடுத்த கிளையில் இருக்கும்.

சரி, ஃபிளாஷ். இது ஷட்டருக்குப் பதிலாகத் தானே நேரத்தைக் கத்தரிக்கிறது. 1/200, எஃப்/11, ஐஎஸ்ஓ 200 என்று வைத்தால் சுற்றுப்புற வெளிச்சம் ஏறக்குறைய பதிவாகவே பதிவாகாது, படத்தை உருவாக்குவது ஃபிளாஷ் எரியும் அந்தக் கணம் மட்டுமே. சக்தியைக் குறைக்கக் குறைக்க அந்தக் கணமும் சுருங்கும். கேமரா மேல் மாட்டும் பல ஃபிளாஷ்கள் 1/16 சக்தியில் 1/5000 விநாடிக்கும் குறைவாகவே எரிகின்றன. முன்பு சொன்ன அதே இலை இப்போது மூன்றில் ஒரு பிக்சல்தான் நகரும். கையில் பிடித்தபடி, காற்றில், மூச்சு வாங்கிக்கொண்டு எடுத்தாலும் சிலந்தியின் கால் ரோமம் தனித்தனியாக நிற்கும். பொருள் மிக அருகில் இருப்பதால் சிறிய சக்தியே போதும், ஃபிளாஷ் அடுத்த படத்துக்கும் உடனே தயாராகிவிடும். ஹை ஸ்பீடு சிங்க்கை (மிக வேகமான ஷட்டரோடு ஃபிளாஷைப் பயன்படுத்தும் முறை) மட்டும் அணைத்துவிடுங்கள். அதில் ஃபிளாஷ் ஷட்டர் நகரும் நேரம் முழுக்கத் துடித்துக்கொண்டிருக்கும், இந்த உறையவைக்கும் பலன் போய்விடும்.

ஃபிளாஷ் வேண்டாம் என்பவர்கள் சொல்லும் குறை கடுமையான வெளிச்சமும் கறுத்த பின்னணியும். இரண்டும் உண்மை. வெளிச்சம் மென்மையாக இருப்பது, பொருளிலிருந்து பார்க்கும்போது விளக்கு எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதைப் பொறுத்தது. டிஃப்யூசரைப் பொருளுக்குப் பத்து சென்டிமீட்டர் வரை கொண்டுவந்தால், உள்ளங்கை அகலத் தாள்கூட எறும்புக்கு ஒரு வானம். வெள்ளை நுரைத்தாளும் ரப்பர் பேண்டும் வைத்து நான் செய்தது மூன்று முறை கிழிந்து நான்காவதில் நின்றது. பின்னணிக்கு ஷட்டரை 1/60க்கு இறக்கி ஐஎஸ்ஓவை 800 ஆக்கினால் பச்சை கொஞ்சம் திரும்பி வரும், அசைவு நிழலாகத் தெரியும் அபாயமும் கூடவே வரும். பொருளுக்குப் பின்னால் ஓர் இலை இருக்கும் கோணத்தைத் தேடுவது அதைவிட எளிது.

இருட்டில் ஆட்டோ ஃபோகஸ் முன்னும் பின்னும் தேடிக்கொண்டே இருக்கும். அதை அணைத்து, லென்ஸை வேண்டிய நெருக்கத்தில் நிறுத்தி, உடம்பை மெல்ல முன்னே சாய்த்து, பூச்சியின் கண் கூர்மையாகும் கணத்தில் அழுத்த வேண்டும். கேமராவில் கட்டிய சின்ன டார்ச் இதற்குப் போதும், அதன் வெளிச்சம் படத்தில் வராது.

ஃபிளாஷ் இன்னும் என்னைத் தோற்கடிக்கும் இடம் பளபளக்கும் வண்டுகள். முதுகு ஓடு கண்ணாடி போல டிஃப்யூசரின் விளிம்பை அப்படியே காட்டிக்கொடுக்கிறது. இரண்டாவது தாள் ஒன்றை முதல் தாளுக்கு மூன்று சென்டிமீட்டர் முன்னால் வளைத்துக் கட்டிப் பார்த்ததில் நடுவில் விழும் வெள்ளைப் புள்ளி பரவிக் கலைந்தது, விளிம்புக் கோடு மட்டும் போகவில்லை. இப்போது அந்தத் தாளை லென்ஸின் இரண்டு பக்கமும் கீழே இறங்கும்படி நீட்டிக்கொண்டிருக்கிறேன்.