தரைக்கடியில் விரித்த பிளாஸ்டிக் தாளும் அதன்மேல் தேங்கிய தண்ணீரும்

வட கரோலினாவின் கேரி நகரில், 1996ஆம் ஆண்டில் கட்டப்பட்ட வீடொன்றில் நாங்கள் குடியிருக்கிறோம். இப்பகுதியின் பல வீடுகளைப் போலவே இதற்கும் தரைப்பலகைக்கும் மண்ணுக்கும் நடுவே, ஆள் தவழ்ந்து போகும் உயரத்தில் ‘கிரால் ஸ்பேஸ்’ உண்டு. சென்ற ஆண்டு ஜூலையில் வரவேற்பறையில் ஈரவாடை வீசத் தொடங்கியதும், இலவசமாக வந்து பார்ப்பதாக விளம்பரம் செய்திருந்த ஒரு நிறுவனத்தை அழைத்தேன். அவர்களிடம் 9,200 டாலரை நான் பறிகொடுத்த விதத்தை, கிரால் ஸ்பேஸின் காற்றுத் துளைகளை அடைத்து மண்ணைப் பிளாஸ்டிக் தாளால் மூடும் இதே வேலைக்கு இப்போது விலை கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

வந்தவர் மிகவும் பணிவாகப் பேசினார். கால்மணி நேரம் கீழே இருந்துவிட்டு மேலே வந்து, உத்தரங்களில் வெள்ளையாகப் பூத்திருந்த பூஞ்சையின் படங்களை டேப்லெட்டில் காட்டினார். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதைத் தள்ளிப்போடக் கூடாது என்றார். அன்றே கையெழுத்திட்டால் 1,000 டாலர் தள்ளுபடி என்றார். கையெழுத்திட்டேன். மின்னஞ்சலில் வந்த அதே படங்களை மூன்று வாரம் கழித்துப் பார்த்த என் மனைவிதான், படத்தில் இருப்பவை செங்கல் தூண்கள், நம் வீட்டைத் தாங்குபவை சிமெண்ட் பிளாக் தூண்கள் என்று சுட்டிக்காட்டினார். வீட்டுக்கே வந்து விற்பவரிடம் செய்த இத்தகைய ஒப்பந்தத்தை மூன்றாம் வேலைநாள் நள்ளிரவு வரை ரத்து செய்ய மத்திய வர்த்தக ஆணையத்தின் விதி இடமளிக்கிறது. அதற்கான படிவத்தில் இரண்டு பிரதிகளை விற்பவரே தர வேண்டும். அவர் தரவில்லை, எனக்கும் கேட்கத் தெரியவில்லை.

துளைகளை அடைத்து மண்ணை மூடும் முறையே மோசடி என்று நான் சொல்லவில்லை. இங்கே கோடையில் வெளிக்காற்று ஈரம் மிகுந்தது. சுவரின் காற்றுத் துளைகள் வழியே அது உள்ளே நுழைந்து, குளிர்ந்திருக்கும் ஏசி குழாய்களையும் உத்தரங்களையும் தொடும்போது, ஐஸ் தண்ணீர் ஊற்றிய டம்ளர் புறத்தே வியர்ப்பதைப் போல நீர் படிகிறது. ராலேயில் உள்ள அட்வான்ஸ்ட் எனர்ஜி அமைப்பு, பிரின்ஸ்வில் ஊரின் 12 வீடுகளில் நடத்திய ஆய்வில், துளைகளை அடைத்து மண்ணை மூடிய கிரால் ஸ்பேஸ்களே துளைகளைத் திறந்து வைத்தவற்றைவிடக் கோடையில் உலர்ந்திருந்தன. ஆனால் அடைப்பதற்கு முன், வேறு எந்த வழியிலும் தண்ணீர் உள்ளே வரவில்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். அந்த முதல் வேலையைத்தான் எங்கள் வீட்டில் ஒருவரும் செய்யவில்லை.

ஒரே நாளில் வேலையை முடித்து முழுத்தொகையையும் வாங்கிச் சென்றார்கள். செப்டம்பரில் வாடை முன்னைவிடக் கூடியபோது, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு முதன்முறையாக நானே உள்ளே தவழ்ந்தேன். கை வைத்த இடமெல்லாம் தாள் தண்ணீர்ப் படுக்கையைப் போலத் தளும்பியது. அழுக்கைத் துடைக்காத சுவரில் ஒட்டிய டேப் நாக்கைப் போல மடிந்து தொங்கியது. 12 மில் (ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமன் என்று பில்லில் இருந்த தாளின் ஓரத்தில், தயாரித்தவர்களே 6 மில் என்று அச்சிட்டிருந்தார்கள். கரையான் வருகிறதா என்று பார்ப்பதற்காகச் சுவரின் உச்சியில் விட வேண்டிய 3 அங்குல இடைவெளியையும் விடாமல் மூடியிருந்தார்கள். காற்றின் ஈரத்தை எடுக்கும் டிஹியுமிடிஃபையர் ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் அதன் வடிகுழாய் வெளியே எங்கும் போகாமல் அந்தத் தாளின் மேலேயே முடிந்தது. காற்றிலிருந்து பிழிந்த நீரை அது பக்கத்திலேயே கொட்டி, மறுபடியும் பிழிந்துகொண்டிருந்தது. அதன் மின்கட்டணம் என் கணக்கில். நான் கொண்டுபோயிருந்த ஈரமானி 84 சதவீதம் காட்டியது. 60க்குக் கீழே வைப்பதாகத்தான் ஒப்பந்தத்தில் எழுதியிருந்தார்கள்.

பிறகு, எதையும் விற்காமல் கட்டணம் மட்டும் வாங்கிக்கொண்டு வீட்டைப் பரிசோதிக்கும் ஒருவரை அழைத்தேன். அவர் கீழே போவதற்கு முன் வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்தார். கூரை நீரை இறக்கும் குழாய் வடகிழக்கு மூலையில் சுவரடியிலேயே முடிந்திருந்தது. அங்கே மண்ணும் வீட்டை நோக்கியே சரிந்திருந்தது. மழைநீர் தாளுக்கு அடியில் புகுந்ததற்கு அதுதான் காரணம். தாளின் மேல் தேங்கியதில் ஒரு பங்கு ஏசியின் கழிவுநீர். அந்தக் குழாயின் முழங்கை இணைப்பு கழன்று சொட்டிக்கொண்டிருந்தது. மழைநீர்க் குழாயை 10 அடி நீட்டி, மண்ணை வெளிப்புறமாகச் சரித்து, முழங்கையை ஒட்டி, டிஹியுமிடிஃபையரின் குழாயை வெளியே விட எனக்கு ஆன செலவு, பரிசோதகரின் கட்டணத்தையும் சேர்த்து, 700 டாலருக்குள் அடங்கியது. பழைய தாளை எடுத்து வேறு தாள் விரிப்பது தனிச்செலவு. அதை இன்னும் செய்யவில்லை.

விலை கேட்பவர்கள், படம் எடுக்கும்போது உங்கள் வீட்டுக் கதவு எண்ணை ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்து எடுக்கச் சொல்லுங்கள். இறுதித் தவணையை, ஈரமானி இரண்டு வாரம் தொடர்ந்து 60க்குக் கீழே நின்ற பிறகே தருவதாக ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். ‘வாழ்நாள் உத்தரவாதம்’ என்ற சொல் எதைக் குறிக்கிறது என்றும் படித்துப் பாருங்கள். என் ஒப்பந்தத்தில் அது தாள் கிழியாது என்பதற்கு மட்டுமே, ஈரம் குறையும் என்பதற்கு அன்று.

நிறுவனத்துக்குப் படங்களோடு கடிதம் எழுதினேன். மாதக் கட்டணம் செலுத்தும் பராமரிப்புத் திட்டத்தில் சேர்ந்தால் ஆள் அனுப்பிப் பார்ப்பதாகப் பதில் வந்தது. அந்தப் பதிலையும் இணைத்து, மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தின் நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவில் புகார் அளித்திருக்கிறேன்.