அடுப்பு மாடத்தை மட்டும் அளந்துட்டு விறகு அடுப்பு விக்கிறவங்ககிட்ட பணம் கொடுக்காதீங்க

பழைய வண்ணாரப்பேட்டை, ராயபுரம், காசிமேடு பக்கம் செங்கல் புகைக்கூண்டு உள்ள பழைய சமையற்கட்டில் மெஸ், பிரியாணிக் கடை நடத்துறவங்களுக்காக இந்தப் பதிவு. இருக்கிற மாடத்துக்குள்ளேயே இரும்பு விறகு அடுப்பைப் பொருத்தித் தருவதாகச் சொல்லி ஒருவர் எங்களிடம் 38,000 ரூபாய் வாங்கினார். "புகையே வராது, பாதி விறகு போதும்" என்றார். நாலாம் நாள் சமையற்கட்டு முழுக்கப் புகை. இப்போது போனை எடுப்பதில்லை.

அவர் மாடத்தின் அகலம், உயரம், ஆழம் மூன்றையும் டேப் வைத்து அளந்தார். மொட்டை மாடிக்கு ஏறவே இல்லை. தப்பு அங்கேதான் ஆரம்பித்தது.

எங்கள் செங்கல் கூண்டின் உள்ளளவு 18க்கு 18 இன்ச், அதாவது 324 சதுர இன்ச். அடுப்பின் புகை வாய் 4 இன்ச் குழாய், பன்னிரண்டரை சதுர இன்ச்தான். அந்தக் குழாயை ஓர் அடி மட்டும் கூண்டுக்குள் நீட்டிவிட்டுச் சுற்றிலும் தகரம் அடித்து சிமென்ட் பூசினார். புகை மேலே போவது சூட்டால்தான். இருபத்தைந்து மடங்கு பெரிய கூண்டுக்குள் நுழைந்ததும் புகை பரவி, செங்கலில் பட்டு ஆறி, இழுவையை இழந்துவிடும். ஆறிய புகை கீலாகப் படியும். எங்கள் அடுப்புக்குப் பின்சுவரில் கறுப்பாக, பளபளப்பாக, தேன் மாதிரி வழிந்து இறங்கியது. தொட்டால் விரலை விட்டுப் போகவில்லை. அது தீப்பற்றும். கூண்டுக்குள் தீப்பிடித்தால் மேல்மாடி விட்டம் வரை போகும்.

போதாக்குறைக்கு விறகு போடும் வாய் கதவில்லாமல் 7க்கு 6 இன்ச், 42 சதுர இன்ச். உள்ளே போகும் வழி 42, வெளியேறும் வழி பன்னிரண்டரை. மிச்சப் புகை சமையல்காரர் முகத்துக்குத்தான் வரும்.

சரிசெய்ய, புகை வாயை வெட்டி 6 இன்ச்சாக மறுபடி வெல்டிங் செய்து, அதே 6 இன்ச் எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) குழாயை அடுப்பிலிருந்து கூண்டின் உச்சிக்கு மேல் வரை ஒரே தொடராக ஏற்ற வேண்டியிருந்தது. அடியில் குழாய்க்கும் செங்கலுக்கும் நடுவிலுள்ள இடைவெளியைத் தகடு போட்டு மூடி, விளிம்பில் சூடு தாங்கும் செராமிக் கயிறு திணிக்கணும். குழாயின் தலை, பத்தடி தூரத்துக்குள் உள்ள சுவர், தண்ணீர் டேங்க் எல்லாவற்றையும் விட இரண்டடி உயரமாக நிற்கணும். நம்ம பக்கம் இது ரொம்ப முக்கியம். கிழக்கே பக்கத்து வீட்டு மாடி உயரமாக இருந்தால், மதியத்துக்கு மேல் வரும் கடற்காற்று அந்தச் சுவரைத் தாண்டி இறங்கிப் புகையைத் திருப்பி அனுப்பும். காலையில் நன்றாக எரிந்த அடுப்பு மூன்று மணிக்கு மக்கர் பண்ணுவது இதனால்தான். ஐப்பசி, கார்த்திகை மழைக்குத் தலையில் தொப்பியும் வேணும்.

"கச்சிதமா உட்காரும்" என்று அவர் சொன்னதே இன்னொரு கோளாறு. 30 இன்ச் இரும்பு 400 டிகிரி சூடேறினால் மூன்றரை எம்.எம். நீளும். இடமே விடாமல் சிமென்ட் வைத்து இறுக்கியதால் மாடத்தின் வலது சுவர் மேலிருந்து கீழ்வரை பிளந்தது. சுற்றிலும் ஒரு இன்ச்சாவது விடணும். நெருப்புப் படும் இடத்தில் சாதா சிமென்ட் உதிர்ந்துவிடும். ஃபயர் பிரிக்கும் ஃபயர் கிளேயும்தான் தாங்கும்.

குழாய் 304 தர எஸ்.எஸ். என்று பில் போடாமல் வாயால் சொன்னார். காந்தம் ஒட்டவில்லை என்று நாமும் நம்பினோம். 202 எஸ்.எஸ்.ஸிலும் காந்தம் ஒட்டாது, ஆனால் கடல் உப்புக்காற்றில் சீக்கிரம் துரு ஏறும். எஸ்.எஸ். தரம் பார்க்கும் சொட்டு ரசாயனத்தைத் தகட்டில் விட்டுக் கடையில் சோதிக்கச் சொல்லுங்க. தகட்டின் கனத்துக்குத் தராசு போதும்: ஒரு சதுர அடி இரும்புத் தகடு 5 எம்.எம். கனம் என்றால் ஏறக்குறைய 3.6 கிலோ நிற்கும். எங்களுக்கு வந்த நெருப்பறை ஒரு எம்.எம். கூட இல்லை, உப்பி வளைந்துவிட்டது.

"70 சதவீதத் திறன்" (விறகின் சூட்டில் பாத்திரத்துக்குச் சேரும் பங்கு) என்று நோட்டீஸில் இருந்தால் அங்கேயே நிறுத்திக்கோங்க. கையால் தூக்கிவைக்கும் விறகு அடுப்புக்கான ஐ.எஸ். 13152 என்ற இந்தியத் தரத்தில் குறைந்தபட்சம் கேட்பதே 25 சதவீதம், ஃபேன் வைத்ததற்கு 35. காய்ந்த சவுக்கு ஒரு கிலோவில் மொத்தமே நாலு யூனிட் (கிலோவாட் மணி) அளவு சூடுதான் இருக்கு. மணிக்கு இரண்டு கிலோ விறகு எரித்தால் மொத்தமே எட்டு கிலோவாட்தான்; அதில் 12 கிலோவாட் தருவதாகச் சொன்னால் நடக்காத காரியம்.

புகார் சொன்னால் "விறகு ஈரம்" என்பார்கள். விறகுத் தொட்டியில் இரண்டு கட்டைகளைத் தட்டிப் பாருங்க: காய்ந்தது கணீர் என்று கேட்கும், முனையில் வெடிப்பு இருக்கும். அந்த விறகிலேயே எரித்துக் காட்டச் சொல்லுங்க. எக்ஸாஸ்ட் ஃபேனை ஒரு தடவை போட்டும் ஒரு தடவை நிறுத்தியும் பார்க்கணும். ஜன்னல் மூடிய அறையில் அந்த ஃபேனே புகையைக் கூண்டிலிருந்து கீழே இழுக்கும்.

புகை வாயின் விட்டம், குழாயின் தரம், நீளம், தகட்டுக் கனம் நாலும் பில்லில் எழுதி வாங்குங்க. அண்டா ஏற்றி இரண்டு நாள் முழுச் சமையல் ஓடிய பிறகுதான் கடைசி மூன்றில் ஒரு பங்கு பணத்தைக் கொடுங்க. சொந்த உழைப்பில் பிழைப்புக்காகக் கடை நடத்துறவங்களும் நுகர்வோர் சட்டத்தில் வருவாங்க. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அடிக்கும்போது அந்த பில் கையில் இருக்கணும்.