பாலைவனப் பூக்காலத்துக்கு ஒரே லென்ஸ்: மேக்ரோவா, டெலி ஜூமா?

சான் டியேகோவுக்குக் கிழக்கே விரிந்திருக்கும் அன்சா-பொரேகோ பாலைவன மாநிலப் பூங்காவில், நல்ல மழைக்குப் பின் வரும் மார்ச் மாதத்தில், பூக்களும் அவற்றை நம்பி வாழும் உயிர்களும் சில வாரங்களுக்குள் ஒன்றாகக் கூடிவிடுகின்றன. அங்கே படமெடுக்கப் போக நினைப்பவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: ஒரு லென்ஸுக்குத்தான் பணமும் பையில் இடமும் உண்டு என்றால், பூ போன்ற சிறியவற்றை மிக நெருங்கி எடுக்கவென்றே செய்யப்பட்ட 100 மி.மீ. மேக்ரோவை எடுப்பதா, தூரத்து விலங்குகளுக்கென்று விற்கப்படும் 100-400 மி.மீ. ஜூமை எடுப்பதா? இரண்டையும் வைத்திருந்து, இரண்டையும் அந்த மணலில் பயன்படுத்திய பின், நான் ஜூமை வைத்துக்கொண்டு மேக்ரோவை விற்றுவிட்டேன். பூக்களைவிட விலங்குகள் எனக்கு முக்கியம் என்பதால் அப்படிச் செய்யவில்லை. பூக்களுக்காகவே அந்த முடிவை எடுத்தேன்.

நான் ஒப்பிடும் இரண்டும் கேனன் லென்ஸ்கள். ஒன்று 2009-இல் வந்த ஈஎஃப் 100 மி.மீ. எஃப் 2.8 எல் மேக்ரோ ஐஎஸ்; மற்றொன்று 2014-இல் வந்த ஈஎஃப் 100-400 மி.மீ. எல் ஐஎஸ் இரண்டாம் பதிப்பு. எடையில் மேக்ரோ 625 கிராம், ஜூம் ஒன்றரைக் கிலோவுக்கு மேல். அறிமுக விலையில் ஜூம் மேக்ரோவைப் போல் இரு மடங்கு. படத்தின் கூர்மையில் இரண்டுமே குறை சொல்ல முடியாதவை. கை நடுக்கத்தை ஈடுசெய்யும் வசதியும் இரண்டிலும் உண்டு. நிகான், சோனி கேமராக்களிலும் இதே வகை லென்ஸ்களுக்கு இடையில்தான் தேர்வு அமையும் என்பதால், கீழே சொல்பவற்றில் பெரும்பகுதி அவற்றுக்கும் பொருந்தும்.

என் முடிவைத் தீர்மானித்தது லென்ஸின் முகப்புக்கும் பூவுக்கும் நடுவே கிடைக்கும் இடைவெளி. அது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு அந்த நிலத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பூங்கா சூழ்ந்த பொரேகோ பள்ளத்தாக்கின் ஆண்டுச் சராசரி மழை ஏறத்தாழ 150 மி.மீ. மட்டுமே. தரையை மூடிப் பூக்கும் செடிகளில் பெரும்பாலானவை ஒரே பருவத்தில் முளைத்து, பூத்து, விதை விட்டு மடிந்துபோகும் ஒருபருவத் தாவரங்கள். போதிய மழை கிடைக்காவிட்டால் அவற்றின் விதைகள் முளைக்காமல் மணலுக்குள்ளேயே ஆண்டுக்கணக்கில் காத்துக் கிடக்கும். 2005, 2017, 2019 போன்ற ஆண்டுகளின் பெரும் பூப்பு அப்படிச் சேர்ந்துகிடந்த விதைகளிலிருந்து எழுந்ததுதான். ஆகவே, பூத்திருக்கும் ஒரு செடியை மிதித்தால், அடுத்த நல்ல மழைக்காக மண்ணுக்குள் சேரவேண்டிய விதைகள் சேராமலே போய்விடும். ஹெண்டர்சன் கேன்யன் சாலையோரத்தில் இளஞ்சிவப்பு சாண்ட் வெர்பீனா படர்ந்திருக்கும் இடங்களில் (நம் ஊர் அந்திமந்தாரையின் குடும்பத்தைச் சேர்ந்த செடி இது) பூ விரியாத ஒரு அடி மணலைத் தேடித்தான் கால் வைக்க வேண்டியிருக்கும். பூ மிதிபடாத இடைவெளி எங்கே கிடைக்கிறது என்பதைப் பார்த்தே அங்கே நிற்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்கிறோம். ஒளி எங்கிருந்து வருகிறது என்பது அதற்குப் பிறகுதான்.

மேக்ரோவின் மிகக் குறைந்த குவிதூரம், அதாவது பூவைத் தெளிவாகப் பதிக்கக்கூடிய மிக அருகான தூரம், 30 செ.மீ. இது கேமராவுக்குள் படத்தைப் பதிவு செய்யும் சென்சாரிலிருந்து அளக்கப்படுவது. கேமராவும் லென்ஸும் எடுத்துக்கொண்டது போக, பூவுக்கும் கண்ணாடிக்கும் நடுவே மிஞ்சுவது ஒரு சாணுக்கும் குறைவு. பூவை அதன் இயல்பான அளவிலேயே சென்சாரில் பதிக்க வேண்டுமென்றால் அந்த நெருக்கத்துக்குத்தான் போக வேண்டும். அவ்வளவு நெருங்குவதற்கு மண்டியிட வேண்டும், முழங்கை ஊன்ற வேண்டும், பல வேளைகளில் முழு உடம்பையும் கிடத்த வேண்டும். எவ்வளவு கவனமாக இருந்தாலும் உடம்பின் அகலத்துக்குச் செடிகள் நசுங்காமல் அந்தப் பூக்கம்பளத்துக்குள் படுக்க முடியாது. முக்காலி வைத்தாலும் மூன்று கால்களுக்கும் மூன்று இடம் தேட வேண்டும். அப்படி நெருங்கிய பிறகு காலைச் சூரியன் முதுகுப் பக்கம் இருந்தால் நம் நிழலே பூவின் மேல் விழுந்துவிடும்.

ஜூமின் மிகக் குறைந்த குவிதூரம் 98 செ.மீ.; லென்ஸை முழுதாக நீட்டிய நிலையிலும் முகப்புக்கு முன்னால் 60 செ.மீ. அளவுக்கு வெளி இருக்கும். அந்தத் தூரத்தில் அது தரும் உருப்பெருக்கம் 0.31 மடங்கு, அதாவது 36 மி.மீ. அகலமுள்ள ஃபுல் ஃபிரேம் சென்சாரில் ஏறத்தாழ 11.6 செ.மீ. அகலமான பரப்பு சட்டத்தை நிரப்பும். காகிதத்தில் இது மேக்ரோவுக்கு முன் மிகவும் சிறிய எண்ணாகத் தெரியும். ஆனால் அங்கே நாம் தேடிப் போகும் பூக்களின் அளவைக் கொண்டு பார்க்க வேண்டும். டியூன் ஈவினிங் பிரிம்ரோஸின் வெள்ளைப் பூ 6, 7 செ.மீ. வரை விரியும், டெசர்ட் லில்லியின் பூவும் அதற்கு அதிகம் குறைந்ததல்ல, சாண்ட் வெர்பீனாவோ பல சிறு பூக்கள் சேர்ந்த கொத்து. இவை எல்லாவற்றையும் பாதையின் ஓரத்தில் நின்றபடி, இலையோ மொட்டோ அசையாமல், சட்டம் நிறைய எடுக்க முடிகிறது. நான் மேக்ரோவில் எடுத்த பூப்படங்களைத் திரும்பப் பார்த்தபோது, அவற்றில் பெரும்பாலானவை இந்த 0.31 மடங்குக்கு உட்பட்டவையாகவே இருந்தன.

காற்றும் இதே கணக்கில் வருகிறது. பாலைவனத்தில் வெயில் ஏறியதும் காற்று எழும். மெல்லிய காம்பில் நிற்கும் டெசர்ட் சன்ஃபிளவர் ஒரு நொடிகூட நிற்பதில்லை. ஒன்றுக்கு ஒன்று என்ற உருப்பெருக்கத்தில் பூ ஒரு மில்லிமீட்டர் ஆடினால் சென்சாரிலும் முழு ஒரு மில்லிமீட்டர் ஆடும். ஜூமின் மிக நெருங்கிய நிலையில் அது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. மேக்ரோவில் லென்ஸின் துளையை எஃப் 11 வரை சுருக்கினாலும் தெளிவாக விழும் ஆழம் ஒன்றரை மில்லிமீட்டரைத் தாண்டாது என்பதால், முன்னும் பின்னும் ஆடும் பூவில் மகரந்தத்தைக் குவிப்பது பெரிதும் தற்செயலின் கையில் இருக்கிறது.

இடைவெளியின் அருமை இன்னும் தெளிவாகத் தெரிவது, பூவிலிருந்து கண்ணை எடுத்து அதைச் சுற்றியுள்ள உயிர்களைப் பார்க்கும்போதுதான். பிரிம்ரோஸையும் வெர்பீனாவையும் வெண்கோட்டு ஸ்ஃபிங்க்ஸ் அந்துப்பூச்சியின் புழுக்கள் கூட்டம் கூட்டமாக மேய்கின்றன. விரல் நீளப் புழு ஒன்று பூவிதழைத் தின்னும் காட்சி 11.6 செ.மீ. அகலச் சட்டத்துக்குள் பூவோடு சேர்ந்தே அடங்கிவிடும். அந்தப் புழுக்களைத் தின்பதற்காக, அர்ஜென்டினாவில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு வடக்கே திரும்பும் ஸ்வைன்சன் பருந்துகள் பிப்ரவரி இறுதியிலிருந்து பொரேகோ பள்ளத்தாக்கில் இறங்குகின்றன. இரவில் மரங்களில் தங்கி, காலையில் தரை சூடேறியதும் வெப்பக் காற்றைப் பிடித்து வட்டமிட்டு மேலே எழுகின்றன. பூ, புழு, பருந்து என்ற இந்தச் சங்கிலி முழுவதையும் லென்ஸ் மாற்றாமல் எடுக்க முடிவது ஜூமில் மட்டுமே. மணல் பறக்கும் இடத்தில் லென்ஸைக் கழற்றி மாட்டுவது சென்சாருக்கு நல்லதல்ல என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மேக்ரோவால் எட்டவே முடியாத பூக்களும் உண்டு. ஒக்கோடீயோ என்ற செடியின் செம்பூக்கள் ஆளுயரத்துக்கு மேலே, முள் நிறைந்த கொம்புகளின் நுனியில் மலர்பவை. அந்த நுனிகளுக்கும், தரையருகே பூக்கும் சுப்பரோசா புதரின் சிவந்த குழல்பூக்களுக்கும் கோஸ்டா ஹம்மிங்பேர்ட் தேனருந்த வரும். இதன் ஆண்பறவை ஒரே குச்சிக்குத் திரும்பத் திரும்ப வந்து அமரும் இயல்புடையது. அந்தக் குச்சியைக் கண்டுகொண்டு சில மீட்டர் தள்ளிப் பொறுமையாக நின்றால், கழுத்தின் ஊதா நிறம் வெயிலில் பற்றிக்கொள்ளும் கணம் பெரும்பாலும் கிடைக்கும். பாலைவன இகுவானாவும் சக்வாலாவும் பூக்களைத் தின்னும் பல்லியினங்கள். மேக்ரோவின் தூரத்துக்குள் நாம் போவதற்குள் அவை வளைக்குள்ளோ பாறை இடுக்கிலோ மறைந்துவிடும்.

பெருங்கொம்பு ஆடுகளைப் பொறுத்தவரை இடைவெளி என்பது நம் வசதிக்கானதே அல்ல. பூங்காவின் பெயரிலுள்ள பொரேகோ இந்த ஆட்டைக் குறிப்பது. தீபகற்ப மலைத்தொடரில் வாழும் இந்த ஆடுகள் 1998-இல் அமெரிக்கக் கூட்டரசின் அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டன. பூக்காலமே அவற்றின் குட்டி ஈனும் காலமும் ஆகும். பொரேகோ பாம் கேன்யன் பாதையில் அவை சில நேரம் வியக்கும்படி அருகில் வந்து மேயும். வந்தால் நாம் நின்றுவிட வேண்டும், அவற்றை நோக்கி நடக்கக் கூடாது. 400 மி.மீ. இருந்தால் நின்ற இடத்திலிருந்தே பிரிட்டில்புஷ்ஷின் மஞ்சள் பூக்களுக்கு நடுவே நிற்கும் ஆட்டை எடுக்கலாம். 100 மி.மீ. மட்டும் கையில் இருப்பவருக்கு நெருங்கிப் போகும் ஆசை வரும். அந்த ஆசைக்கு இடம் கொடுக்காத கருவியே நல்ல கருவி என்று நான் கருதுகிறேன்.

மேக்ரோவின் பக்கம் உள்ள நியாயங்களைக் குறைத்துச் சொல்லக் கூடாது. பராமரிப்பில் அது தெளிவாக முந்துகிறது: குவிக்கும்போது அதன் குழல் நீளுவதில்லை. ஜூமின் குழலோ ஒவ்வொரு முறையும் நீண்டு சுருங்குவதால், அதன் மேல் படிந்த நுண்மணலை உள்ளே இழுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. சுருக்கும் முன் மென்தூரிகையால் துடைப்பதை நான் வழக்கமாக வைத்திருக்கிறேன். வெளிச்சத்திலும் மேக்ரோவுக்கே ஆதாயம். பிரிம்ரோஸ் அந்தியில் மலர்ந்து மறுநாள் காலையில் வாடுவது. விடியலுக்கு முந்தைய மங்கலில் மேக்ரோவின் எஃப் 2.8 துளை தரும் ஒளி, 400 மி.மீ. நிலையில் ஜூமின் எஃப் 5.6 தருவதைப் போல் நான்கு மடங்கு. ஜூமுக்கு உரிய இன்னொரு தொல்லை கானல்: முற்பகல் தாண்டிவிட்டால் தூரத்து ஆடோ பருந்தோ எவ்வளவு நல்ல லென்ஸிலும் அலையலையாகவே பதியும், அதற்கு மருந்து இல்லை. ஒரு மீட்டரில் உள்ள பூவைக் கானல் தொடுவதில்லை.

பர்பிள் மேட் போன்ற, தரையோடு ஒட்டிக்கிடக்கும் சின்னஞ்சிறு பூக்களிலும், டெசர்ட் ஃபைவ்ஸ்பாட்டின் கிண்ணத்துக்குள் இருக்கும் ஐந்து செம்புள்ளிகளிலும், பூவுக்குள் தங்கும் சிறு தேனீக்களிலும் மனம் வைத்தவருக்கு மேக்ரோதான் சரி. இவை பெரும்பாலும் ஓடைப்படுகையின் வெறும் சரளையில், செடிக்குச் செடி இடம் விட்டு வளர்வதால், அங்கே படுத்தால் எதையும் நசுக்க வேண்டியதில்லை. ஜூமிலுள்ள இந்தக் குறையை நான் கேனன் 500டி நெருக்கக் கண்ணாடியால் ஓரளவு தீர்த்துக்கொள்கிறேன். ஜூமின் முகப்பிலுள்ள 77 மி.மீ. வளையத்தில் அதைத் திருகிவிட்டால், 400 மி.மீ. நிலையில் 50 செ.மீ. தூரத்திலிருந்தே 0.8 மடங்கு உருப்பெருக்கம் கிடைக்கும். ஓரங்களில் கூர்மை மேக்ரோவுக்கு இணையாகாது. நடுவில் வைத்த பூவுக்கு அது எனக்குப் போதுமானதாக இருக்கிறது.

இரவில் பூக்களுக்கு வரும் அந்துப்பூச்சிகளை விளக்கொளியில் எடுப்பதில் என் பழக்கம் சொற்பம். அதில் ஆழ்ந்தவர்கள் மேக்ரோவைக் கைவிடச் சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். மிரர்லெஸ் (உள்ளே பிரதிபலிப்புக் கண்ணாடி இல்லாத) கேமராவுக்கு மாறியவர்கள் 2020-இல் வந்த ஆர்எஃப் 100-500 மி.மீ. லென்ஸைப் பார்க்கலாம். அதன் உருப்பெருக்கம் 0.33 மடங்கு, நான் அதைக் கொஞ்ச நேரமே கையாண்டிருப்பதால், மணலில் அது எப்படித் தாங்கும் என்று அடித்துச் சொல்லத் தயங்குகிறேன். ஏற்கெனவே ஈஎஃப் ஜூம் வைத்திருப்பவர்கள் அடாப்டரோடு அதையே தொடரலாம். மாற்றுவதற்கு ஆகும் பணத்தை நெருக்கக் கண்ணாடிக்கும், பூக்காலத்தில் பூங்கா சூழ்ந்த ஊரான பொரேகோ ஸ்பிரிங்ஸில் இன்னும் ஓர் இரவு தங்குவதற்கும் செலவிடலாம்.